பெயர் மாறிய துப்பறிவாளர்கள்



அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் கடல் நத்தையின் கல்லோடு, எந்தப் படிவத்தில் கிடந்தது என்பதைக் கொண்டே காலம் கணிக்கப்படுகிறது. படிவத்திலிருந்து பெயர்த்தெடுத்த பின் அது வெறும் அழகிய கல். பழைய சிறுவர் நூல்களைத் தேடுவோர் நிலையும் ஏறத்தாழ இதுவே.

இப்பகுதியில் பழம்புத்தகக் கட்டு ஒன்றில் ஒரு காமிக்ஸ் கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். முதல் ஏடு கிழிந்துபோயிற்று, ஆண்டு தெரியவில்லை. ஆயின் அதை வைத்திருந்த சிறுவன் தன் பெயருக்குக் கீழே 'பெரம்பலூர், திருச்சி மாவட்டம்' என்று எழுதியிருக்கிறான். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடியும் தனித்தது. நிர்வாகத்தின் இந்தத் தடுமாற்றம் நூல் தேடுவோர்க்கு மட்டும் உதவியாயிற்று!

அந்தக் காமிக்ஸின் நாயகர் ரிப்போர்ட்டர் ஜானி எனக் கொள்வோம். சிவகாசி காமிக்ஸ் வழியே தமிழ்ச் சிறுவர்க்கு அறிமுகமான இவரது இயற்பெயர் ரிக் ஹோஷே. கதை துஷாதோ, சித்திரம் திபெ. 1955இல் பெல்ஜியத்து 'தென்தென்' இதழில் பிறந்தவர். இவரது ஜெர்மன் பதிப்பைத் தேடப் புகுபவர் ஜானி என்று தேடினாலும் கிடையாது, ஹோஷே என்று தேடினாலும் எளிதில் கிடையாது. அங்கே அவர் பெயர் ரிக் மாஸ்டர். முகம் ஒன்று, மேற்சட்டை ஒன்று, பெயர் மூன்று.

இதனினும் விந்தையானது 'மூன்று துப்பறிவாளர்கள்' வரிசை. மட்டையில் ஹிட்ச்காக்கின் பெயரைக் கண்டு அவரே எழுதினார் என நம்பியவர் பலர். தொடங்கி எழுதியவர் ராபர்ட் ஆர்தர். முதல் நூல் 1964இல் அமெரிக்காவில் வந்தது. 1968இல் அது ஜெர்மனிக்குச் சென்றது. அங்கே தலைப்பிலேயே மூன்று வினாக்குறிகள் இடம்பெற்றன. தலைமைத் துப்பறிவாளன் ஜூபிடர் ஜோன்ஸ், ஜஸ்டஸ் ஜோனாஸ் ஆனான். ஐகா ராஷ் என்னும் ஓவியர் வரைந்த கறுப்பு அட்டைகள் ஒரு தலைமுறையின் நினைவாகவே நிலைத்தன. 1979இல் ஒலிநாடகங்கள் தொடங்கின. அவற்றின் எண்வரிசை நூல்வரிசையோடு ஒத்துப்போவதில்லை. எண்ணை மட்டும் நம்பித் தேடுபவர் ஏமாறுவர்.

தாயகத்தில் வரிசை நின்றுபோன பின்பு, 1993 முதல் ஜெர்மன் எழுத்தாளர்களே புதிய கதைகளை எழுதலாயினர். மூலம் முடிந்த இடத்தில் மொழிபெயர்ப்பு மூலமாயிற்று. கம்பனைக் கற்ற அவைக்கு இது வியப்பளிக்காது எனினும், துப்பறியும் கதைக்கும் அப்பேறு வாய்த்தது கருதத்தக்கது.

இப்பேற்றுக்கு வழியமைத்தவர்களுள் ஒருவர், தொடக்க நூல்கள் பலவற்றை ஜெர்மனில் பெயர்த்த லியோனோரே புஷெர்ட். அவர் பெயரை நூலிலேயே காணலாம். லைப்சிக்கில் 1912இல் நிறுவப்பெற்ற ஜெர்மன் தேசிய நூலகத்தின் பட்டியலில் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கொண்டும் தேட இயலும். பெரம்பலூரில் அமர்ந்தே இன்று அப்பட்டியலைப் பார்க்கலாம். நூலைப் பெறுவதுதான் அரிது. பழம்பதிப்பு வேண்டுவோர் அங்குள்ள பழம்புத்தக வணிகரிடம் தலைப்பை மட்டும் சொல்லாமல், பதிப்பகம், ஆண்டு, அட்டை ஓவியர் மூன்றையும் குறித்துக் கேட்பதே தக்கது.

நம் பக்கம் திரும்பினால் மனம் கனக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொணர்ந்தது முதல், எத்தனையோ அயல்நாட்டு நாயகர்கள் தமிழ் பேசினர். அவர்களைப் பேசவைத்தவர் யார் எனப் பழைய இதழைப் புரட்டிப் பார்ப்பவர்க்குப் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது பழம்புத்தகக் கடைகளும் எரிந்தன. விளம்பரப் பலகை எழுதிவந்த கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஒருவராய்ச் சேர்த்தவை, அவர் 1992இல் மறைந்த பின் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அரியலூர், பெரம்பலூர் வீடுகளின் பரண்களில் இன்னும் கட்டுகள் கிடக்கின்றன. எடைக்குப் போடுமுன் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் யாரேனும் பார்த்துக் குறித்துவைத்தல் வேண்டும். சிறுவனின் கையெழுத்து உட்பட.