கோலாலம்பூரில் காடி ஓட்டப் போகிறீர்களா?



நம் கோலா சாவாவில் எதிரே லோரி வந்தால் ஓரங்கட்டி, கையசைத்துப் போகிறோம். கோலாலம்பூரில் யாரும் கையசைக்க மாட்டாங்க! கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலையில் திரும்பவேண்டிய இடம் தப்பிவிட்டதா? பதறிப்போய்க் குறுக்கே வெட்டாதீர்கள். கண்ணாடியில் தெரியாத மோட்டார் சைக்கிள் இடுக்கில் வரும். நேரே போய் அடுத்த இடத்தில் திரும்பலாம். பத்து நிமிடம்தானே, போனால் போகட்டும்.

அச்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போட்டார்கள். வேலைக்குப் போகும் நம் பையன்கள் அதிலேயே ஓட்டட்டும். இந்நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான், ஐயா!

பின் இருக்கைக்கும் 2009 முதல் பெல்ட் கட்டாயம். பாட்டியானாலும் மாட்டத்தான் வேணும். சிரம்பானில் காடியை வைத்துவிட்டு, கொம்யூட்டர் ரயிலில் போவதும் கௌரவக் குறைச்சல் இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும்.