மருத்துவமனைகள் கைமாறும்போது



2008 டிசம்பரில் சைம் டார்பி நிறுவனம், அரசுக்குச் சொந்தமான தேசிய இருதயக் கழகத்தின் 51 விழுக்காட்டுப் பங்குகளை வாங்க முன்வந்தது. ஏழை நோயாளிகளின் கதி என்னவாகும் என்ற கவலை நாடெங்கும் எழுந்தது. அரசாங்கம் முடிவை ஒத்திவைத்தது.

மருத்துவமனைகள் இணையும்போதும் கைமாறும்போதும் இலாப நட்டக் கணக்கைப் பார்க்கப் பலர் உண்டு. நாம் பார்க்க வேண்டியது மக்கள் கணக்கு. கட்டணம் கூடுமா? பந்திங்கில் ஒரு பிரிவை மூடிக் கிள்ளானோடு சேர்த்தால், ஜெஞ்சாரோமில் தனித்து வாழும் மூதாட்டி எப்படிப் போய்ச் சேர்வார்? பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்கு அந்தத் தூரம் தாங்குமா? தமிழ் மட்டுமே அறிந்த முதியவருக்கு மருத்துவர் சொல்வதை யார் விளக்குவார்?

பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், பொது அமைப்புகள் இத்தகைய பாதிப்புகளை எண்ணிப் பார்த்தே செயல்பட வேண்டும் என்கிறது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவும் சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்கிறது.

கதவு மூடிய பின் முறையிடுவதைவிட, கையெழுத்து விழுமுன் கேட்பதே நன்று. மருத்துவப் பணிக்கு வாரி வழங்கும் நீங்கள் கேட்டால் அக்குரலுக்கு மதிப்புண்டு. கேட்பதும் ஒரு தருமமே.

இறையருள் துணை நிற்பதாக.