மூணு ஆபத்துக்கு ஒரே மணி போதாது!

(வேலூர் – ஆம்பூர் பகுதி தகவல் தொழில்நுட்ப அணிக் கூட்டத்தில் பேசியது)



2004 ஜூலை 16, கும்பகோணம். சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகளை இழந்தோம். அதன்பிறகு கூரைகளை மாத்தினோம். மனுசங்களைத் தயார் பண்ணினோமா? தீயணைப்புக் கருவி வையுங்க, ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுங்கன்னு 2009-லயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு.

நம்ம தோல் தொழில் பகுதிக்கு இது இன்னும் முக்கியம். தீ பிடிச்சா பிள்ளைகளைக் கீழே மைதானத்துக்கு இறக்கணும். 2021 நவம்பர் மாதிரி பாலாறு பெருகினா மாடிக்கு ஏத்தணும். தோல் கழிவுல கிளம்புற ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, பள்ளத்துல தேங்கும். அப்போ காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நகர்ந்து மேட்டுக்குப் போகணும். எது எப்போன்னு அந்த நிமிஷத்துல முடிவெடுக்க ஆள் வேணும்.

2015 ஜனவரியில ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு, தூங்கிட்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தாங்க. ஆபத்து நோட்டீஸ் கொடுத்துட்டு வராது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் மூணே கேள்வி கேளுங்க:

👉 தலைமையாசிரியர் இல்லாத நாளில் முடிவெடுப்பது யார்?
👉 வழக்கமான வழி அடைபட்டா மாற்று வழி எது?
👉 சத்துணவு அக்கா, காவலர், துப்புரவுப் பணியாளருக்கும் பயிற்சி உண்டா?

பதில் இல்லைன்னா, ஒத்திகை கேட்டு தீயணைப்பு நிலையத்துக்கு மனு கொடுப்போம். எழுதித் தர நம்ம அணி ரெடி!

#பள்ளிப்பாதுகாப்பு #ஆம்பூர் #வேலூர்