தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானா?

(நமது சங்கத்தின் மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நோயைப் பற்றிப் பேச நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் எழுத்தராக 35 வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். ஒரே துன்பம் வந்தவர்கள் ஏன் ஒருவரையொருவர் தேடிப் போகிறார்கள் என்பதை அந்தக் கவுண்டரில்தான் முதலில் பார்த்தேன்.

சிவகாசிக் கிளையில் இருந்த காலம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பணம் எடுக்க வந்தார். பட்டாசு விபத்தில் தப்பியவர். நஷ்டஈட்டுப் பணம் அவர் கணக்கில் வந்திருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கை. கையெழுத்து எங்களிடம் இருந்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. "கையெழுத்து சேரலம்மா, சரியாப் போட்டுக் கொண்டு வாங்க" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் வயதில் மூத்த ஒரு அம்மாவோடு வந்தார். அந்த அம்மாவின் கழுத்திலும் கையிலும் பழைய தழும்புகள். அவர்தான் பேசினார்.

"சார், கையெழுத்துப் போட முடியாதவங்க ரேகை வச்சா, ரெண்டு சாட்சியோட பணம் குடுக்கலாம்ல? கைரேகை விழலைன்னா கால் பெருவிரல் ரேகை. ஒரு சாட்சி உங்க ஆபீசரு. என்னையும் முன்னாடி இப்படித்தான் அலைய விட்டாங்க."

அவர் சொன்னது அப்படியே விதி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விதி. வெட்கத்தோடு எழுந்து போய் அதிகாரியைக் கூட்டி வந்தேன்.

"நீங்க இவங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டேன்.

"சொந்தமெல்லாம் இல்ல சார். மதுரைப் பெரியாஸ்பத்திரில இவளுக்குப் பக்கத்துக் கட்டில்ல கிடந்தவ சொல்லி அனுப்புனா. ராத்திரி தழும்பு அரிக்கும், தூக்கம் வராது. வலிக்குதுன்னு விரலை நீட்டாம விட்டா தோல் இறுகி அப்படியே நின்னுரும். டாக்டர் சொன்னா அழுதுக்கிட்டு உட்கார்ந்திருப்பா. நான் என் கையைக் காட்டிச் சொன்னா செய்றா. இவளுக்குச் சொல்லும்போது, நான் பட்டது வீணாப் போகலைன்னு இருக்கு சார்."

இந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்கவே இல்லை.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடியவர்களும் அதில் சிக்கினார்கள். இறந்தவர் கணக்கு மறுநாள் பேப்பரில் வந்துவிடும். தப்பியவர்கள் அதன் பிறகு எத்தனை வருடம் கண்ணாடி பார்க்காமல் இருந்தார்கள் என்ற கணக்கு எதிலும் வராது. அது அவர்களுக்குள்தான் தெரியும்.

அமெரிக்காவில் ஆலன் பிரெஸ்லாவ் என்பவர் 1963-இல் ஒரு விமான விபத்தில் தீக்காயமடைந்து தப்பினார். 1977-இல் தீக்காயம் பட்டவர்களுக்கென்று பீனிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். ஏற்கெனவே தீக்காயத்திலிருந்து மீண்டவர்கள், பயிற்சி பெற்றுப் புது நோயாளியின் கட்டிலருகே போய் உட்காருகிறார்கள். நம் சிவகாசி அம்மா எந்தச் சங்கமும் இல்லாமல் செய்தது அதே வேலைதான்.

நம் தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அந்தப் பெயரைச் சொல்லவே ஊர் பயந்தது. நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா, கணவர் மூலம் அந்தக் கிருமி தொற்றிய இளம்பெண். 1998-இல் சென்னையில், தம்மைப் போன்ற பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். மாத்திரையை டாக்டர் தருவார். மாமியாரிடம் எப்படிச் சொல்வது, பிள்ளையை எப்படிப் பள்ளியில் சேர்ப்பது என்பதையெல்லாம் அந்த வழியில் நடந்தவர்தானே சொல்ல முடியும்?

இனி என் வீட்டுக் கதை. என் மனைவியின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன்பு அவளுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. இங்கே யாரிடமும் சொல்லவில்லை. "மதுரையில் மகள் வீட்டுக்குப் போகிறோம்" என்று எட்டு மாதம் பொய் சொன்னோம். இரவில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். "எல்லாம் சரியாயிரும்" என்பேன். அதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

பிறகு ஒருநாள் மருத்துவமனை வராந்தாவில் நமது குடியிருப்பு அம்மா ஒருவரையே பார்த்தோம். அதே நோய், அதே டாக்டர். அவரும் வேறொரு பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே லிப்டில் ஏறி இறங்கியிருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல்! அன்று இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அடுத்த நாளே ரவிக்கையை எப்படித் தைத்துக்கொள்வது, கையைத் தூக்கச் சுவரில் விரலால் ஏறும் பயிற்சியை எப்படிச் செய்வது என்று பேச்சு போனது. பல மாதம் கழித்து என் மனைவி சிரித்ததை அன்றுதான் கேட்டேன். கணவனாக எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. நான் கொடுக்க முடியாததை அந்த அம்மா பத்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார்.

ஆகவே, அன்பர்களே, ஒரு வேண்டுகோள். நம் மாடிகளில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கலாம். பக்கவாதம் வந்தவரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவர் இருக்கலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சமுதாயக் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்காருவோம். நோயாளியும் வரலாம், பார்த்துக்கொள்பவரும் வரலாம். மூன்றே நிபந்தனை. அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்யக் கூடாது. மருந்து டாக்டர் வேலை. எதையும் விற்கக் கூடாது.

வர விருப்பம் உள்ளவர்கள் அறிவிப்புப் பலகையில் பெயர் எழுத வேண்டாம். என் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். காபி என் மனைவி போடுவாள். அந்த இன்னொரு அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவர் பக்கத்துக் கதவிலேயே இருக்கிறார். கேட்பதற்குத்தான் நாம் கூச்சப்படுகிறோம்.