மாரிக்குச் சாத்தி வைத்த எஞ்சின்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழத் தொடங்கியதும் கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் பல படகுகள் கரைமேலே ஏறிவிடும். பின்பக்கத்தில் மாட்டியிருந்த எஞ்சினைக் கழற்றி வாடியின் மூலையிலோ வீட்டு விறாந்தையிலோ சாத்திவிட்டு, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடுவார்கள். கடல் அடங்க மாசி, பங்குனி ஆகும், அதுவரை எஞ்சினுக்கு வேலையில்லை என்பது கணக்கு. அது கடலை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. ஆற்றையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சின் ஓடத் தயாராக இருக்க வேண்டிய மாதங்களே அவைதான். இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒன்றைப் பற்றியதே.

இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடி, தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கின் மழைநீரைச் சுமந்துகொண்டு மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அதன் ஒரு கிளை வெருகலாறாகப் பிரிந்து தெற்கே கடலைச் சேர்கிறது. மலைநாட்டில் பெய்த மழை இங்கே வந்து சேரும்போது நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கவும் கூடும். வடகீழ்ப் பருவக்காற்று கடலை மூடும் அதே மாதங்களில் ஆறு பெருகுகிறது. 2011 ஜனவரி வெள்ளம் கிழக்கு மாகாணத்தையே மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவிலாறு அணைக்கட்டு உடைந்தது. அப்படிப்பட்ட நாளில் கடற்படை வரும், விமானப்படை வரும். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிற அந்த முதல் சில மணி நேரத்தில் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் இருப்பது பக்கத்து ஊர்ப் படகுதான். சாக்கை விலக்கி அதன் எஞ்சினை எடுத்து மாட்டிக் கயிற்றை இழுக்கும்போது அது பற்ற வேண்டும். பற்றினால் மட்டும் போதாது, ஆற்றில் தாக்குப்பிடிக்கவும் வேண்டும்.

"கடலில் ஓடுகிற எஞ்சின் ஆற்றில் ஓடாதா?" என்று கேட்கத் தோன்றும். நன்னீர் உப்பைக் கழுவிவிடுமே, ஆறு எஞ்சினுக்கு நல்லதுதானே என்றும் சொல்லலாம். உப்பைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பெருகி வரும் ஆறு நன்னீரோடு மணலையும் சேற்றையும் கொண்டு வருகிறது. எஞ்சினைக் குளிரவைப்பது படகு மிதக்கும் அதே தண்ணீர்தான். கீழ்ப்பகுதியிலுள்ள சல்லடைத் துளைகள் வழியாக நீர் உள்ளே போகிறது, இம்பெல்லர் என்ற சிறு ரப்பர்ச் சக்கரம் அதை மேலே தள்ளுகிறது. மணல் கலந்த நீர் அந்த ரப்பர் இதழ்களை அரம்போல் தேய்க்கும். மிதந்து வரும் சல்வீனியாவும் ஆற்றுவாழையும் பொலித்தீன் பையும் சல்லடையை அடைக்கும். பின்பக்கத்திலிருந்து பீய்ச்சும் மெல்லிய தாரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது மெலிவது தெரியும். பார்க்காதவருக்கு எஞ்சின் சூடாகி இறுகிய பிறகுதான் தெரியவரும். ஆகவே இம்பெல்லரை மாரி தொடங்குமுன் கழற்றிப் பார்த்து, இதழ்கள் வளைந்தோ வெடித்தோ இருந்தால் புதியதை மாட்டிவிட வேண்டும். சல்லடையையும் தாரை வரும் துளையையும் மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியது எதுவென்று கேட்டால் இதையே சொல்வேன்.

அடுத்தது புரப்பெல்லர். கடலில் அது மோதுவதற்குப் பொருள்கள் குறைவு. வெள்ளத்தில் வயல்வரம்பும் வேலிக்கட்டையும் முட்கம்பியும் தண்ணீருக்குள் மறைந்து கிடக்கின்றன. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் புரப்பெல்லரைத் தண்டோடு பிணைப்பது ஒரு சிறு உலோகப் பின். மோதும்போது தான் முறிந்து பல்லுச் சக்கரங்களைக் காப்பாற்றுவதற்காகவே அதை மெதுவான உலோகத்தில் செய்கிறார்கள். பின் முறிந்ததும் எஞ்சின் இரையும், படகு நகராது. அந்த நேரத்தில் கையில் மாற்றுப் பின்னும் ஒரு குறடும் இருந்தால் அது சில நிமிட வேலை. பின்னுக்குப் பதிலாக ஓர் ஆணியை அடித்துவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. கடினமான ஆணி முறியாது, அதனால் முறிவது உள்ளே இருக்கும் பல்லாகிவிடும். எஞ்சினைக் கீழே இறுக்கிப் பிடிக்கும் பூட்டையும் ஆற்றில் முன்னோக்கிப் போகும்போது திறந்தே வைத்திருக்க வேண்டும், கட்டையில் இடித்தால் எஞ்சின் தானே மேலெழும். பின்னோக்கி ஓட்டும்போது மட்டும் பூட்ட வேண்டும். கியர்ப்பெட்டி எண்ணெயை ஒரு சொட்டு வடித்துப் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, சீல் வளையத்தை மாற்றாமல் அந்த எஞ்சினை நம்பக் கூடாது.

எரிபொருளில்தான் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. நம் கரையில் மண்ணெண்ணெய் எஞ்சின்கள் அதிகம். பெற்றோலில் பற்றவைத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, குளிர்ந்த எஞ்சின் பற்ற மறுக்கும். கடலில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓடும் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் பொருந்துகிறது. வெள்ளத்தில் ஆளைத் தேடி, கட்டைக்கு விலகி, மெதுவாகவே ஓட வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிளக்கில் கரி படியும். எனவே ஆற்றுப் பயணத்துக்குப் பெற்றோலே நல்லது, ஒரு மாற்றுப் பிளக்கும் அதைக் கழற்றும் சாவியும் உலர்ந்த டப்பாவில் கூட வர வேண்டும். சாத்தி வைக்கும் எஞ்சினின் காபரேற்றரை வடித்து வைக்காவிட்டால் பழைய பெற்றோல் பிசினாகிச் சிறு துளைகளை அடைத்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பிய பீப்பாவில் எஞ்சினை இறக்கி, புதிய பெற்றோலில் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்து, மீண்டும் வடித்து வைப்பதற்கு அதிகப் பாடில்லை.

இதற்கெல்லாம் காசு எங்கே என்ற கேள்வி நியாயமானது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியபோது அடிபட்டவர்கள் கடற்றொழிலாளர்களே. உழைப்பில்லாத மாரியில் ஒரு ரூபா செலவும் பாரம்தான். ஆனால் நான் சொன்ன உதிரிகள் எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை, கடற்றொழில் தொடங்கும்போது எப்படியும் வாங்க வேண்டியவையும்கூட. பங்குனியில் வாங்குவதைப் புரட்டாதியில் வாங்கச் சொல்கிறேன். அதற்கும் வழியில்லாத குடும்பங்களுக்கு மீனவர் சங்கம் பொதுவில் ஒரு பெட்டி உதிரிகளை வைத்திருக்கலாம். ஊரைக் காப்பாற்றப் போகும் படகுக்கு ஊர் கொடுக்க வேண்டிய பங்கு அது.

பாலங்கள் வந்துவிட்டனவே என்றும் சொல்வார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. மட்டக்களப்பு வீதியில் மிதவைப் பாதைகள் ஓடிய துறைகளிலும் பின்னர் பாலங்கள் எழுந்தன. அது பெரிய ஆறுதல். ஆனால் 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது மாற்றாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். பாலம் இல்லாமற்போகும் நாளில் மக்கள் மீண்டும் தண்ணீரில்தான் இறங்குகிறார்கள். வீதியே மூழ்கும்போது பாலம் இருந்தும் அதை எட்ட முடிவதில்லை.

பெரிய குதிரைவலு எஞ்சின் வாங்கினால் தீரும் என்பதையும் நான் ஏற்கவில்லை. பாரம் கூடினால் படகின் பின்பக்கம் தாழும், தாழ்ந்த புரப்பெல்லர் வரம்பில் இடிக்கும். ஒருவர் தனியே தூக்கி மாட்டக்கூடிய சிறிய எஞ்சினே ஆற்றுக்குப் பொருத்தம். அதோடு இரண்டு துடுப்பும், நீண்ட மரக்கோல் ஒன்றும், நங்கூரமும், ஒவ்வொருவருக்கும் ஒரு மிதப்பு அங்கியும் படகில் இருக்க வேண்டும். எஞ்சின் நின்றால் நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போகும் வேகத்தில் பிளக்கைக் கழற்ற முடியாது, முதலில் நங்கூரம் மண்ணைப் பிடிக்க வேண்டும். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு அவர் மணிக்கட்டில் இருக்கட்டும், எஞ்சினின் கைபிடியில் தொங்கவிட்டால் அதனால் பயனில்லை. வெருகலாற்றில் முதலைகள் உண்டு, இருட்டில் கரையும் தெரியாது. புரட்டாதி முடியுமுன் ஒரு பகற்பொழுதில், ஆறு அமைதியாக இருக்கும்போதே, இந்தப் பொருள்களோடு கொஞ்சத் தூரம் மேலே போய்த் திரும்பிப் பாருங்கள்.