மருத்துவ முகாம் உண்டு, வீட்டு முகாம் எங்கே?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் கட்டடக் கலைஞர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று ஊவாவின் தோட்டங்களிலிருந்து எங்களிடம் வருபவர்களின் நோய்களில் ஒரு பகுதி உடம்பில் தொடங்குவதில்லை, வீட்டில் தொடங்குகிறது.

லயத்துக் காம்பராவை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நம்மில் பலர் அதிலிருந்து புறப்பட்டு இந்தப் பாடசாலைக்கு வந்தவர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் இஸ்தோப்பு, புகை வெளியேற வழியில்லாத விறகடுப்பு. இருமலோடு வரும் குழந்தைக்கு மருந்து கொடுக்கிறோம். குழந்தை அன்று மாலையே அதே அடுப்பருகில் தாயின் மடியில் இருக்கிறது. ஒருவருக்குக் காசநோய் என்றால் மருந்து இலவசமாகக் கிடைக்கும். காற்றோட்டமில்லாத ஒரே அறையில் மற்றவர்கள் எங்கே படுப்பது? மழை இரவில் மலசலகூடத்துக்குப் போகும் பாட்டி பாசி பிடித்த படியில் வழுக்கி விழுகிறார். இடுப்பெலும்பை வைத்தியர்கள் பொருத்தலாம். அந்தப் படியைச் சீராக்கி, பிடித்து நடக்க ஒரு கம்பியைப் போடுவது யார்?

நோயைவிடப் பெரிய ஆபத்து மலையிலேயே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. ஆனால் மக்கள் எங்கே போவது, அங்கே எப்படிப்பட்ட வீடு, யார் அதை வரைவது, யார் கட்டுவது என்ற கேள்விகளுக்கு அவர்கள் கையில் பதில் இருக்கவில்லை. பூனாகலை மகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டது 2016இல், பேரழிவுக்குப் பின்னர்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவில் உயிர்களைப் பறிகொடுத்தது. மீண்டும் வீடு கட்டும் காலம் இது. ஆகவேதான் இந்தப் பேச்சு.

நமது நாட்டில் கட்டடக் கலைஞர்களுக்கென்று ஒரு நிறுவகம் 1957இல் தோன்றியது. 1976இல் பாராளுமன்றச் சட்டத்தால் அது கூட்டிணைக்கப்பட்டது. வைத்தியர்களைப் போலவே அவர்களுக்கும் பட்டத்தோடு படிப்பு முடிவதில்லை. தொடர் வாண்மை விருத்தி என்று நாம் சொல்வது அவர்களுக்கும் உண்டு. பிரித்தானியாவின் அரச கட்டடக் கலைஞர் நிறுவகம் தன் உறுப்பினர்களிடம் வருடத்துக்கு 35 மணித்தியாலம் கேட்கிறது. புதிய கட்டடப் பொருள், புதிய மென்பொருள், புதிய சட்டம் என்று கற்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. அந்த மணித்தியாலங்களில் சிலவற்றை எங்கள் லயங்களில் கழிக்கச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சமூக சேவை ஒரு பக்கம், தொழில் விருத்தி இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். சேவை என்றால் ஏதோ தானம் கொடுப்பது போல. வைத்தியத் தொழிலில் அப்படியில்லை. உள்ளகப் பயிற்சியின் ஒரு வருடத்தில் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை. சேவை செய்யும் இடத்தில்தான் தொழிலைக் கற்றோம். சரிவான நிலம், கொட்டும் மழை, குறைந்த பணம், ஏழு பேர் கொண்ட குடும்பம். இவை நான்கையும் வைத்து ஒரு நல்ல வீட்டை வரையத் தெரிந்தவருக்கு வேறு எந்த வீடும் கடினமாக இராது.

இதை முன்பே செய்து காட்டியவர் நம் மலைநாட்டுப் பெண் ஒருவர். கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச நிறுவகத்தில் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தை வரையுமுன், அங்கே குடியேறப் போகிறவர்களிடம் கேள்விக்கொத்து கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்டார். பல இனத்தவர், பல சமயத்தவர். ஒரே அச்சில் எல்லா வீட்டையும் வார்க்காமல், பதிலுக்கேற்ப வரைந்தார்.

பாகிஸ்தானின் முதல் பெண் கட்டடக் கலைஞர் யாஸ்மின் லாரி, பெரிய கட்டடங்களைக் கட்டி ஓய்வு பெற்ற பிறகு, 2005 பூகம்பத்தால் பாதிக்கப்பட்ட மக்களிடம் போனார். மண், சுண்ணாம்பு, மூங்கிலால் தாங்களே வீடு கட்ட அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கிராமத்துப் பெண்கள் தம் கையால் கட்டும் புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 2023இல் பிரித்தானிய நிறுவகத்தின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அந்த அடுப்பு எத்தனை மருந்துச் சீட்டுகளுக்குச் சமம் என்று ஒரு வைத்தியராக யோசித்துப் பார்க்கிறேன்.

இங்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இந்திய உதவியுடன் தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. பரம்பரையாக லயத்தில் இருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் வீடு கொடுத்த பிறகும் கேள்விகள் இருக்கின்றன. விறகடுப்புக்காகப் பின்னால் தகரக் கூரை இறக்குகிறார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றால் ஓர் அறை சேர்க்கிறார்கள். அதற்காகப் பின்புறத்து மண்ணை வெட்டுகிறார்கள். எவ்வளவு வெட்டலாம், மழைத்தண்ணீரை எந்தப் பக்கம் விடலாம் என்று கேட்க ஆளில்லை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. நூற்றாண்டு நினைவாக வருடத்துக்கு ஒருமுறை நாம் நடத்தும் மருத்துவ முகாமோடு ஒரு வீட்டு முகாமையும் நடத்துவோம். கட்டடக் கலைஞர் ஒருவர், பொறியியலாளர் ஒருவர், தமிழில் பேசி எழுத நம் மாணவிகள் இருவர். ஒரு நாளில் ஒரு லயம் போதும். அடுப்புக்குப் புகைபோக்கி எங்கே, யன்னல் எந்தச் சுவரில், படிக்குக் கைப்பிடி எப்படி என்று ஒரு தாளில் படமாக வரைந்து, செலவையும் எழுதிக் கொடுக்கட்டும். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று மூடமுடியாமல் போன கதவு, புதிதாகப் பொசியும் ஊற்று, கலங்கி வரும் பீலித் தண்ணீர் ஆகியவற்றைக் கண்டால் குறித்துக்கொள்ளட்டும். சரிவு பாதுகாப்பானதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை அவர்களுடையதல்ல. அது கட்டட ஆய்வு நிறுவனத்தின் வேலை. ஆனால் அங்கே முறைப்படி அறிவித்து, பதில் வரும்வரை விடாமல் கேட்பது நம் வேலை. தோட்ட நிருவாகத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். அடுத்த வருடம் முதலில் அதே லயத்துக்குப் போக வேண்டும். மறுபடி வந்து பார்க்காத முகாம் வெறும் புகைப்படத்தோடு நின்றுவிடும்.

கொழும்பிலும் இலண்டனிலும் டொரொன்டோவிலும் கட்டடத் துறையில் இருக்கும் நம் சகோதரிகளே, இந்த மலரை நீங்களும் வாசிப்பீர்கள். பணம் அனுப்புகிறீர்கள், நன்றி. இம்முறை உங்கள் தொழிலை அனுப்புங்கள். விடுமுறைக்கு வரும்போது இரண்டு நாள் ஒதுக்குங்கள். வர முடியாவிட்டால் மாணவிகள் அளந்து அனுப்பும் குறிப்பைப் பார்த்து ஒரு படம் வரைந்து தாருங்கள்.

தங்கைமாரே, டொக்டர், டீச்சர் என்ற இரண்டு கனவுகளுக்கு அப்பாலும் ஒரு வழி இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு உளச்சார்புப் பரீட்சை ஒன்றும் எழுத வேண்டும். வரையப் பிடிக்கும், கணக்கும் வரும் என்றால் இன்றே ஆசிரியரிடம் கேளுங்கள். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த வீட்டில் என்ன குறை என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதைத் திருத்தும் கலையைத்தான் கற்க வேண்டும்.

முதலாவது வீட்டு முகாமுக்கு நானும் வருகிறேன், மருந்துப் பெட்டியோடும் ஓர் அளவு நாடாவோடும். யார் யார் வருகிறீர்கள் என்று இன்று தேநீர் வேளையில் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.