குளம் பொதுவானது, இறங்க வேண்டியது நாம்

(நாகமலை புதுக்கோட்டையில் மாணவர்களுக்கான கணினிப் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. நம் சேரிகளில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். தொடக்கத்தில் கொடுத்த கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. ஒன்றிய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. சொல்லிக் கொடுக்க ஆளில்லாத இடங்களில் அது தொடப்படாமலே கிடந்தது.

இன்று அந்தக் கணினிகள் பரணில் கிடக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய கணினிகளை ஏற்பதில்லை. புதிது வாங்கச் சொல்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிற அப்பா, அம்மா அதற்கு யாரிடம் கடன் கேட்பார்கள்?

வாங்கத் தேவையில்லை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவற்றை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். படிக்கவே கூடாது என்று பெரும்பான்மை மக்களைத் தள்ளி வைத்த நாட்டில், 'திறந்து படி' என்று ஓர் உரிமம் சொல்வது சின்னச் செய்தி அல்ல.

ஆனால், திறந்திருப்பது மட்டும் போதுமா? பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923லேயே தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சவுதார் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் திறந்த குளத்தை மக்களின் கால்கள்தான் திறந்தன. மென்பொருளும் அப்படித்தான்.

எனவே இறங்குவோம். முதலில் சான்றிதழ்கள், படங்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்; நிறுவும்போது வட்டு முழுவதும் அழியக்கூடும். 2 ஜி.பி. நினைவகம் மட்டும் உள்ள கணினிக்கு லுபுண்டு போன்ற எடை குறைந்த லினக்ஸ் ஏற்றது. இறக்கிய கோப்பை எட்சர் போன்ற கருவியால் 8 ஜி.பி. பென்டிரைவில் எழுதுங்கள், வெறுமனே நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. கணினியை இயக்கியதும் எஃப்12 விசையை அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்; சில கணினிகளில் விசை மாறும். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். திருப்தியானால் மட்டும் நிறுவுங்கள். பிறகு லிப்ரே ஆபீசில் விண்ணப்பம் எழுதலாம்; தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துத் தமிழில் தட்டச்சு செய்யலாம்; பைத்தான் படிக்கலாம்.

இதனால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக, சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா மாநில அரசுத் துறை 2020இல் வழக்குத் தொடுத்தது. கடல் கடந்தும், கணினி கற்றும், சாதியைச் சுமந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். நிரல் திறந்திருந்தாலும், அதை எழுதுகிற அறையின் கதவு தானாகத் திறக்காது. நாம் உள்ளே போய் உட்கார வேண்டும். அந்த அறையின் விதிகளையும் கேள்வி கேட்க வேண்டும்.

கற்றுக்கொண்டவர் ஒவ்வொருவரும் தன் தெருவில் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுங்கள். தம்பிகளுக்கு மட்டுமல்ல, தங்கைகளுக்கும். பரணில் உள்ள கணினியைப் பழைய இரும்புக்குப் போடும் முன், ஒரு பென்டிரைவோடு அதன் முன்னால் உட்காருங்கள்.